கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு வந்த கால் வலி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. பொன்னேரியில் இருந்து சென்னைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவள் நான். காலை ரயில் கும்மிடிப்பூண்டியில் புறப்பட்டு எங்கள் ஊருக்கு வரும்போதே மகளிர் பெட்டி நிரம்பியிருக்கும். அங்கே கம்பெனிகளில் ராத்திரி ஷிப்ட் முடித்த பெண்கள் ஏறி, வண்டி கிளம்புவதற்குள் தூங்கிப் போயிருப்பார்கள். சீருடையைக்கூட மாற்றாமல் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம். பொன்னேரிக்காரர்களான நாங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அவர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே போவோம்.

கதவை ஒட்டிய இருக்கைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கைத்தடி ஊன்றிய பெரியவர், பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். இவர்களுக்கு இடம் விடுங்கள் என்று அர்த்தம். அந்தப் படத்துப் பெண்ணுக்கு ஏழு மாத வயிறாவது இருக்கும். எனக்கோ அப்போது இரண்டாவது மாதம். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் முதல் நாள்தான் லேசாக ரத்தம் பட்டு, டாக்டரிடம் ஓடியிருந்தேன். "ரொம்ப நேரம் நிக்காதீங்க, கூட்டத்துல இடிபடாதீங்க, பைக்ல ஏறவே ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நின்று இடிபட்டுத்தான் நான் ஆபீசுக்கே போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்த ஸ்டிக்கருக்குக் கீழே சீருடையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு தோளைத் தொட்டு எழுப்பினேன். அவள் கண்ணைத் திறப்பதற்குள் எதிர் சீட்டில் இருந்து ஒரு குரல் வந்தது.

"எதுக்குமா தூங்கறத எழுப்புற? ராவெல்லாம் நின்னுக்கினே வேலை செஞ்சிட்டு வருது. நீ ஆபீஸுல ஃபேனுக்கு அடியில உக்காரத்தானே போற? கொஞ்சம் நின்னா தேஞ்சா பூடுவ?"

தலையில் முக்காடும் மடியில் பெரிய காலிப் பைகளுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். பழவேற்காட்டுக்காரர், கல்யாணமாகி வந்தது கும்மிடிப்பூண்டிக்கு. வண்ணாரப்பேட்டையில் மொத்த விலைக்குச் சேலை எடுத்து வந்து வீடு வீடாக விற்பவர். பெட்டியில் எல்லோரும் அவரைத் துணிக்கார அக்கா என்பார்கள். அவர் வாய்க்குப் பயந்து டிக்கெட் பரிசோதகரே அந்தப் பக்கம் வருவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

எங்கள் வீட்டில் எனக்கும் வாயாடி என்றுதான் பெயர். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணின் தோளில் இருந்து கையை எடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்ற பெண்ணுக்கு இல்லாத இடமா எனக்கு? காரணத்தைச் சொன்னால் உடனே எழுந்திருப்பாள். அந்தக் காரணத்தைத்தான் என்னால் சொல்ல முடியாது.

மூன்று மாதம் முடியும் வரை விஷயத்தை வெளியே விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கண் பட்டுவிடும் என்பார்கள். எனக்குக் கண்ணைவிட வாயைக் கண்டால்தான் பயம். அதற்கு முந்தைய வருடம் நாள் தள்ளிப் போன உடனே நான் ஊரைக் கூட்டிவிட்டேன். ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். அது தங்கவில்லை. லீவெல்லாம் தீர்ந்து திரும்பிப் போனபோது ஒவ்வொருவராக வந்து "என்ன ஆச்சு, ஏன் ஆச்சு" என்று கேட்டார்கள். விஷயம் தெரியாத சிலர் சிரித்த முகத்தோடு "இப்ப எத்தனாவது மாசம்?" என்றார்கள். இழந்ததைவிட அதற்குப் பதில் சொன்னதில்தான் நான் அதிகம் அழுதேன். அதனால் இந்தத் தடவை மாமியார் வாயைக் கட்டு என்று சொல்லும் முன்பே நான் கட்டிக்கொண்டேன்.

ஆக, நின்றேன். மீஞ்சூரில் ஒரு பெரும் கூட்டம் ஏறியது. பின்னால் இருந்து ஒரு தள்ளு. கைப்பையை வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. அத்திப்பட்டு வருவதற்குள் உடம்பெல்லாம் வியர்த்து, ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. இந்தத் தடவையும் போய்விடுமோ என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

துணிக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் பையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

"ஐயே, இந்தப் பொண்ணுக்குக் கால்ல அடி பட்டுக்குது! பாத்துக்கினே நிக்கிறீங்களே, வழி உடுங்கமா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "காலா?" என்றேன் மெதுவாக.

"ஆமா, காலுதான். உக்காரு" என்று தோளை அமுக்கித் தன் இடத்தில் உட்கார வைத்தார். கொருக்குப்பேட்டையில் இறங்கும்போது, "நாளைக்கும் இதே கதவாண்ட ஏறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அதே கதவில் ஏறினேன். ஸ்டிக்கர் ஒட்டிய அந்த இருக்கையில் அவருடைய பெரிய பை உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பை எழுந்தது, நான் உட்கார்ந்தேன். முந்தைய நாள் நான் எழுப்பிய பெண் எதிரே மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக நெருக்கிக்கொண்டு தூங்கினாள். தினமும் இதே ஏற்பாடு. கும்மிடிப்பூண்டியிலேயே யாராவது அங்கே உட்கார வந்தால், "பொன்னேரில கால் சரியில்லாத பொண்ணு ஒண்ணு ஏறும்மா" என்று அக்கா சொல்லிவிடுவாராம். நாளாக ஆக என் காயமும் வளர்ந்தது. முதலில் அடி, பிறகு சுளுக்கு, கடைசியில் எலும்பிலேயே கீறல்.

இவ்வளவு பெரிய காயத்தோடு நான் மான் மாதிரி துள்ளி ஏறினால் நன்றாகவா இருக்கும்? மெடிக்கல் கடையில் துணிக்கட்டு வாங்கிக் கணுக்காலில் சுற்றிக்கொண்டேன். ஸ்டேஷன் படியில் சாதாரணமாக ஏறி, ரயிலைக் கண்டதும் நொண்ட ஆரம்பிப்பேன். பெட்டியில் எல்லோரும் "கால் எப்படிக்கீது?" என்று விசாரிப்பார்கள். "பரவால்லை, வீக்கம் குறைஞ்சிருக்கு" என்று கூசாமல் சொல்வேன்.

அந்த ஜனங்களின் வெகுளித்தனம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆந்திரா பக்கத்தில் இருந்து வந்து வண்டி மாறி ஏறும் பூக்கார அம்மா ஒரு நாள் உப்பில் ஊறிய நாரத்தங்காயைக் கொண்டு வந்து, "நாக்குல வெச்சுக்கோ, கால் வலிக்கு நல்லது" என்றார். சீருடைப் பெண் தூக்கக் கலக்கத்தோடு ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்துக்கினே வாங்கக்கா, சுளுக்கு வுட்டுரும்" என்றாள். இந்தக் காலத்திலும் இப்படி வைத்தியமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். நல்லவேளை, மல்லிகை வாசனை எனக்குக் குமட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பூக்கார அம்மாவும் கூடையை எதிர்ப் பக்கக் கதவுக்கு மாற்றிக்கொண்டார். அங்கேதான் வியாபாரம் நன்றாக ஓடுகிறதாம்.

மூன்று மாதம் முடிந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அழுதோம். மறுநாள் காலையில் ஒரு டப்பா நிறையப் பால்கோவாவோடு ரயிலேறினேன். மைசூர்பாகு வாங்க மனம் வரவில்லை.

உட்காராமல் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். "அக்கா, எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க. எனக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. வந்து..." அதற்கு மேல் சொல்லாமல் டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

பெட்டியே சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள்.

"கட்டு எடது கால்ல, நொண்டறது வலது கால்ல. ரெண்டாவது நாளே பாத்துட்டோம்கா" என்றாள் சீருடைப் பெண். பூக்கார அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "கால் வலிக்கு யாராச்சும் நாரத்தங்கா குடுப்பாங்களா? நீயும் வாங்கித் தின்ன!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெகுளி யார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

துணிக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துண்டு பால்கோவாவை எடுத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "தெரிஞ்சும் ஏன்கா யாரும் கேக்கல?" என்றேன்.

"வயித்துல இருக்குதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆளாளுக்குக் கேட்டே கொன்னுருவாங்க. எனக்குத் தெரியாதா? கால் வலின்னா ஒரு பேஜாரும் இல்ல. நல்லாயிட்ச்சான்னு கேப்பாங்க, ஆயிட்ச்சுன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

'எனக்குத் தெரியாதா' என்று அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. நான் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொருக்குப்பேட்டை வரும் வரை அவரும் கையை எடுக்கவில்லை.

என் மகள் இப்போது வீடு முழுக்க ஓடி எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறாள். நான் பழையபடி அதே ரயிலில், அதே கதவில் ஏறுகிறேன். போன மாதம் ஒரு நாள் எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. கல்லூரிக்குப் போகிற வயதுப் பெண் ஒருத்தி வந்து, கொஞ்சம் உட்காரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாமா உனக்கு? நல்லாத்தானே கீற?" என்றார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போனது. நான் எழுந்துவிட்டேன்.

"அவளுக்குக் கால் வலிங்க" என்றேன் சத்தமாக.

அந்தப் பெண் திகைத்துப் போய்த் தன் கால்களையே பார்த்தாள். எதிர் சீட்டில் இருந்த துணிக்கார அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவளுக்கு உண்மையில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உட்கார இடம் கேட்கிறவர்களுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு காரணமும் இருக்கும் என்பதை அந்தப் பெட்டியில் கற்றுக்கொண்டேன். அதனால் எழுந்து இடம் கொடுக்கிறேனே தவிர, எந்தக் கால் என்று மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.