வாடகை முக்காடு

அன்னமேரியை நாலு வயதில் பினாங்கு அநாதைப் பிள்ளைமடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். விட்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வயதிலும் அவளுக்கு அதுதான் வீடு.

ரப்பர் விலை விழுந்த வருஷம், நன்கொடை கொடுத்த மகராசன்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவேளைக் கஞ்சியே பெரும்பாடு. "கையேந்தினது போதும் மதர், நாமளே சம்பாதிப்போம்" என்று மடத்துத் தலைவியான கன்னியாஸ்திரீயிடம் சொன்னாள் அன்னமேரி. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இவள் செய்து காட்டினாள்.

எட்டு மாதம் உட்கார்ந்து, கலியாணப் பெண் கோயிலுக்குப் போட்டுப்போகிற லேஸ் முக்காடு ஒன்று பின்னினாள். அதை வாடகைக்கு விட்டாள். ஒரு கலியாணத்துக்கு ஒரு மூட்டை அரிசி. அதோடு, தாலி கட்டும் நேரத்தில் நாற்பது பிள்ளைகளும் மணப்பெண் பெயர் சொல்லி ஜெபமாலை சொல்வார்கள். அநாதைப் பிள்ளை ஜெபம் வீண்போகாது என்று ஊரெல்லாம் பேச்சு. தூரத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்துகூட ஆள் வந்தது. பானை நிறைந்தது. கூறைப்புடவைபோல முக்காடும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. அதனால் வாடகைப் புத்தகத்தில் மாப்பிள்ளை பெயரும் நாளும் மட்டும்தான் எழுதுவார்கள்.

வேதநாயகம் புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி, மனைவியை இழந்தவர். தம்பி கலியாணத்துக்கு எடுத்த முக்காட்டைத் திருப்பித் தர வந்தவர், "என்னைக் கட்டிக்கச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையால் பின்னியதைப் போடாமல் கலியாணமா? அதற்காகப் பிள்ளைகள் அரிசியில் கைவைப்பதா? "ஜூன் வரைக்கும் முக்காட்டுக்கு ஆள் இருக்குங்க. அது காலியாகட்டும்" என்றாள்.

அவளுடைய சம்மதம் அதுதான். மனுஷனோ, அவள் தட்டிக்கழிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "சரிங்க" என்று போய்விட்டார். பின்னாலேயே ஓடி, "பொண்ணுக்கு இஷ்டம்தான் தம்பி" என்று சொல்ல ஒரு அத்தை இருந்திருந்தால் போதும். அநாதை அத்தைக்கு எங்கே போவாள்?

ஜூன் கடைசியில், அவள் பசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது மதர் புத்தகத்தில் எழுதியிருந்தார்: வேதநாயகம், ஜூலை பதினொன்று.

அன்னமேரி அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றிரவே முக்காட்டின் கரைக்குப் புது லேஸ் வைத்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ஏழு வயதுத் தெரேசாவிடம், "பதினொண்ணாம் தேதி ஜெபம் எனக்குத்தான்" என்று சொன்னாள். தெரேசாவிடம் சொன்ன ரகசியம்! விடிவதற்குள் நாற்பது பேருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கூடவே ஒரு பெண், லீனா. முக்காடு அளவு பார்க்க.

"நீங்க வேணாம்னதும் வீட்டுல பாத்த பொண்ணுங்க. உங்க பிள்ளைங்க ஜெபம் கட்டாயம் வேணுமாம்" என்றார்.

வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? அன்னமேரி லீனாவின் தலையில் முக்காட்டைப் போட்டுக் குத்தூசி குத்தினாள். "நீளம் சரியா இருக்கு" என்றாள்.

ஜூலை பதினொன்று காலை, பிள்ளைகள் முழந்தாளிட்டார்கள். பெயர் சொல்லும் முறை தெரேசாவுக்கு. "இன்னைக்கு மணப்பொண்ணு, எங்க அன்னமேரி அக்காவுக்காக" என்று கணீரென்று தொடங்கினாள்.

நாற்பது குரலும் தன் பெயரைச் சொன்னதை அன்னமேரி ஒருமுறை கேட்டாள். அரிசி மூட்டை வாசலில் வந்து இறங்கியிருந்தது.

"பேர் தப்பு தெரேசா. லீனா. முதல்லேருந்து சொல்லுங்க."

பிள்ளைகள் முதலிலிருந்து தொடங்கினார்கள். அவளும் சேர்ந்து சொன்னாள்.