மாயக்காட்டுக் கதைகளும் மாட்டுங்கா கேள்விகளும்

ராஜகுமாரி கதைகளைத் தமிழில் எழுதுவது சுலபம். எழுதியதைப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசிப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். நான் மொழிபெயர்ப்பது ஒரு ஆங்கிலச் சிறுவர் தொடர். எல்லோருக்கும் தெரிந்த பழைய கதைகள்தான். எல்லாம் ஒரே மாயக்காட்டில் நடக்கும், ஆனால் பழைய முடிவு மட்டும் இருக்காது. ஓநாய் யாரையும் தின்னாது. செருப்பு பொருந்தினாலும் அந்தப் பெண் இளவரசனைக் கட்டிக்கொள்ள மாட்டாள்.

பம்பாய்த் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால், புத்தகம் விற்க வேண்டுமானால் நீங்களே போய் வாசித்துக் காட்டுங்கள் என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். வீட்டில் பிள்ளைக்குக் கதை வாசித்து, பாதியில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஓநாய்

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். சிவப்பு முக்காடு போட்ட சிறுமி காட்டுக்குள் போகிறாள், எதிரே ஓநாய் வருகிறது. எங்கள் ஓநாய் நல்லது. வழி தவறியவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும். இரண்டு பக்கம் தாண்டிய பிறகு ஒரு பெண் கையைத் தூக்கி, "ஓநாய்னா என்ன ஆன்ட்டி?" என்றாள்.

இந்தியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். தமிழ் வாசிப்பாயிற்றே என்ற வீம்பில், நாய் மாதிரி இருக்கும், காட்டில் திரியும், ஊளையிடும் என்று விளக்கினேன். ஊளை என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. ஊளையிட்டுக் காட்டினேன். கீழ்வீட்டு மாமா படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பிள்ளைகளுக்குப் பரம திருப்தி. முன்வரிசையில் இருந்த ஐந்து வயது அஷ்வின் மட்டும் யோசனை கலையாமல் கேட்டான்: "எல்லாரும் அதை ஓ நாய், ஓ நாய்னு கூப்பிடறாளே, அதோட நிஜப் பேரு என்ன?"

எத்தனை ரூம்

தாராவியில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஹாலில் கண்ணாடிச் செருப்புக் கதை. செருப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தப் பெண் அதைக் கழற்றி இளவரசன் கையில் கொடுத்து, "ஒரு நாள் சேர்ந்து ஆடினதுக்காக எல்லாம் கட்டிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு மாற்றாந்தாய் வீட்டுக்கே திரும்பிப் போகிறாள். செம்பூரில் இந்த இடத்தில் அம்மாக்கள் கை தட்டுவார்கள். நானும் கொஞ்சம் நிறுத்தி, தலையை நிமிர்த்தினேன். ஒருவரும் தட்டவில்லை.

பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற ஜெசிந்தா அக்காதான் பேசினார். பை தைக்கிற பட்டறையில் வேலை. மூன்று பிள்ளைகளும் மாமியாரும் உட்பட ஆறு பேர், ஒரே அறையும் அதன்மேல் ஒரு பரணுமாக வாழ்கிறவர். "திரும்ப அந்தக் கொடுமைக்காரி வீட்டுக்கா போறா?" என்றார். ஆமாம் என்றேன். "அரண்மனையில எத்தன ரூம் இருக்கும்?" புத்தகத்தில் அது இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சின்ன மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "கல்யாணம் வேண்டாம்னு சொல்லட்டும் மேடம், அது அவ இஷ்டம். ஆனா அவன் வீட்ட ஒருதடவ சுத்திப் பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லுங்க."

மெதுவா படிங்க

வடாலாவில் ஒரு பொது அறையில் நடந்தது இது. கஸ்தூரி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து, வீட்டு வேலையும் முடித்து, மகள் தீபாவைக் கூட்டிக்கொண்டு நேராக வந்திருந்தாள். அன்றைக்குத் தூங்கும் இளவரசி கதை. இளவரசி கண்ணை மூடுவதற்கு முன்பே கஸ்தூரி மூடிவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

நான் கவனிக்காமல் குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டிருந்தேன். தீபா எழுந்து வந்து என் காதோரம், "மெதுவா படிங்க ஆன்ட்டி, அம்மா தூங்கறாங்க" என்றாள். மெதுவாகப் படித்தேன். அரண்மனையே சேர்ந்து இளவரசியை எழுப்பும் பக்கம் வந்தது. எங்கள் புத்தகத்தில் மேளம், தாளம், சமையல்காரன் தட்டும் அண்டா எல்லாம் உண்டு. வழக்கமாகப் பிள்ளைகள் தரையைத் தட்டுவார்கள். அன்று எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். ஒருவரும் தட்டவில்லை. நானும் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அதற்குள் அடுத்து அந்த அறையைக் கேட்டிருந்த பஜனைக் கோஷ்டி டோலக்கோடு வாசலுக்கு வந்துவிட்டது. தீபா போய்க் குறுக்கே நின்று, உதட்டில் விரலை வைத்தாள். கோஷ்டித் தலைவர் உள்ளே எட்டிப் பார்த்தார், டோலக்கை மெதுவாகத் தரையில் வைத்தார், எல்லோரும் வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்துக் கஸ்தூரி தானாக விழித்தாள். வெட்கத்தில் புடவையைச் சரிசெய்துகொண்டே, "இளவரசி எழுந்துட்டாளா?" என்று மகளைக் கேட்டாள். தீபா சொன்னாள்: "இல்லம்மா, நாங்க எழுப்பல."

வேற சித்தி

செம்பூரில் அன்று விஷப்பழக் கதை. வாசிப்பு ஆரம்பிக்கும் முன் ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பெயர் வித்யா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவரின் முதல் மனைவி இறந்துபோனவர், அவருடைய மகள் நந்தினிக்கு ஏழு வயது. "இந்தக் கதையை வீட்டுல நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டறேன். தினமும் இதையே கேக்கறா. சித்தின்னு வர்ற இடத்துல எல்லாம் எனக்குக் குரல் கம்மிடுது. அவ என்னை அப்படித்தான் கூப்பிடறா. நீங்க இன்னிக்கு வேற ஏதாவது சொல்லிடறேளா?" என்றாள். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். சரி என்றேன்.

விஷம் தடவிய பழத்தைச் சித்தி நீட்டும் இடத்தில், "அந்த அம்மாள்" என்று வாசித்தேன். "ஆன்ட்டி, தப்பு. அங்க சித்தின்னு இருக்கு" என்றாள் நந்தினி. அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, கேட்டுக் கேட்டே மனப்பாடம். வித்யா தரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பையன் நந்தினியிடம், "உங்க சித்தி மாதிரியா?" என்று கேட்டுவிட்டான். நந்தினி அவனை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது கதைல வர்ற சித்தி. எங்க சித்தி ஐரோலிக்கு வேலைக்குப் போறாங்க."

மூலத்தில் ஒரு வரிகூட மாறக்கூடாது என்று பதிப்பகத்தார் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், கேட்க வருகிறவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.