சண்டியருக்குப் பத்தியம்

அந்தத் தெருவில் சலூன் கடைக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரேடியோ' என்றால்தான் தெரியும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் மூடும். நாற்காலியில் இருப்பவர் 'ம்' கொட்டினாலும் சரி, தூங்கியே போனாலும் சரி, கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் தெருமுனையில் நின்று தண்டோரா போடுவதும் ஒன்று. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ரகசியத்தை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு அல்லாடிய கதை இது.

கடையில் எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கண்ணாடிகள். ஒன்றின் முன்னால், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தொட்டி. அதில் நீலமும் சிவப்புமாக ஒரு ஃபைட்டர் மீன். கண்ணாடியில் தெரியும் தன்னையே பார்த்து, எவனோ எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்து முறைக்கும். அதனால் 'சண்டியர்' என்று பேர் வந்தது. முடி வெட்ட வருகிறவர்கள் தங்கள் முகத்தைவிடச் சண்டியரின் வீராப்பைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

ஆனால் சண்டியர் சாதித்த பெரிய காரியம் வேறு. ரேடியோவின் மாமனாரைக் கடைக்குள் உட்கார வைத்தது அதுதான்.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ரேடியோவைக் கட்டிக்கொண்டாளே என்று அவருக்கு ஆறாத கோபம். வருஷக்கணக்கில் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியவர் சண்டியரைப் பார்த்தார். மறுநாள் மழை இல்லாமலே வந்தார். அப்புறம் தினமும் சாயங்காலம், தொட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சு ஓரமாகப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு வார்த்தை கிடையாது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரைதான். அவர் வர ஆரம்பித்த புதிதில் மகள் ஆசை தாங்காமல் திரையை விலக்கி, "அப்பா" என்றாள். மனிதர் விருட்டென்று எழுந்து போனவர்தான், திரும்பி வரப் பல நாள் ஆயிற்று. அதிலிருந்து அவள் வெளியே வருவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று அப்பா இருமுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தினமும் ஒரு டம்ளர் டீ போட்டுப் புருஷனிடம் கொடுத்தனுப்புவாள். அது பெஞ்சில் ஆறி, ஆடை கட்டி, கடைசியில் ரேடியோவின் வயிற்றுக்குள் போகும்.

"ஒரு வாய்கூடக் குடிக்கலையா?" என்பாள்.

"இன்னைக்கு டம்ளரைப் பார்த்தாரு. நேத்து அதுகூட இல்ல. முன்னேற்றம்தான்!"

இந்த நிலைமையில்தான் சண்டியர் படுத்துக்கொண்டது. காலையில் கடையைத் திறந்தால், வயிறு பொம்மென்று வீங்கித் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. இந்த வகை மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சண்டியர் வாலை அடித்துக்கொண்டு பாதி தூரம் ஏறும், கவிழும், கல் மாதிரி அடியில் போய் விழும். மீன் போனால் மாமனாரும் போய்விடுவார். திரைக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அந்த இருமல் சத்தமும் இல்லாமல் போய்விடும்.

வளர்ப்பு மீன் விற்கும் கடை அம்மாவிடம் ரேடியோ ஓடிப்போய், போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

"தின்னது ஜாஸ்தியாகி வயிறு அடைச்சிருக்குங்க. உள்ள இருக்கிற காத்துப்பையை அது அமுக்குது, அதான் நீந்த முடியல. ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணுமே போடாதீங்க. தண்ணி கொஞ்சமா, வெதுவெதுன்னு இருக்கட்டும்."

"நான் அளவாத்தானே போடறேன்!"

"அப்ப வேற யாரோ போடறாங்க."

திரும்பி வந்து அகலமான பிளாஸ்டிக் பேசினில், முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினார். ஷேவிங்குக்கு வைத்திருந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சண்டியரை மாற்றினார். தொட்டியைக் கழுவக் கவிழ்த்தபோது, அடியில் இருந்த கூழாங்கற்களுக்கு இடையில் ஊறிப்போன பிஸ்கட் தூள்.

சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் என்று எந்நேரமும் சட்டைப் பையில் பிஸ்கட் பொட்டலம் வைத்திருக்கிற ஆள் அந்தக் கடையில் ஒருவர்தான். ஆயுசு முழுக்க டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்து இறக்கிவிட்ட மனிதர், பேப்பரை மறைப்பாக வைத்துக்கொண்டு இந்த வேலை செய்திருக்கிறார்! ரேடியோ நேராகத் திரைக்குப் பின்னால் போனார்.

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். உடனே கண் கலங்கிவிட்டது. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரோஷக்காரர். உன் கடை மீனை நான் கொன்னுட்டேனான்னு எழுந்து போயிடுவாரு. அதோட சரி."

"நான் சொல்லல. ஆனா என் வாயை நம்ப முடியாதே!"

"எனக்காக."

சாயங்காலம் மாமனார் வந்தார். பேசினைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. நாற்காலியில் பாதி ஷேவிங்கோடு இருந்த தையல்காரர், "என்னய்யா ஆச்சு சண்டியருக்கு?" என்றார்.

ரேடியோ கத்தியைத் துடைத்தார். "நான்தாங்க... அளவு தெரியாம தீனியை அள்ளிப் போட்டுட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? வாயில்லா ஜீவனை இப்படியா பண்ணுவே?"

"தப்புதாங்க."

தையல்காரர் அதோடு விடவில்லை. தாடையில் நுரை காய்கிற வரைக்கும் திட்டினார். ரேடியோ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து திரும்பியது. பெஞ்சில் பேப்பர் விரித்தபடியே இருந்தது. ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

பேசினில் தண்ணீர் கொஞ்சமாக இருந்தும் சண்டியர் மேலே வரத் திணறியது. ரேடியோ யோசித்து, பிரிக்காத புதுச் சீப்பு ஒன்றை எடுத்துக் கழுவினார். பல் அகலமான பெரிய சீப்பு. அதைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே குறுக்காகச் செருகி, இரண்டு கிளிப் போட்டு நிறுத்தினார். சண்டியரை உள்ளங்கையில் ஏந்தி அதன்மேல் படுக்க வைத்தார். அங்கிருந்து லேசாகத் தலையைத் தூக்கினாலே வாய்க்குக் காற்று எட்டியது. "படுத்துக்கோடா கண்ணு, வீரமெல்லாம் அப்புறம் காட்டலாம்" என்றார். கண்ணாடியைப் பார்த்து வீணாக மல்லுக்கு நிற்காமலிருக்க, அந்தப் பக்கம் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். முடி வெட்டிக்கொண்டவர்கள் கண்ணாடியில் தங்கள் முகம் தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்துக் கடுப்பானார்கள்.

பத்தியம் நடந்த நாட்களில் மாமனார் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. மத்தியானமே வந்தார். அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போகும். சுட்டுக்கொண்ட மாதிரி திரும்பும். ரேடியோ அதைப் பார்க்காத மாதிரி சினிமாக் கதை பேசிக்கொண்டிருப்பார். பாவமாகத்தான் இருந்தது. மீனுக்கு மேல் அந்த மனிதர் வாடிப்போயிருந்தார்.

கடைசியில் ஒரு நாள் தையல்காரருக்கு முடி வெட்டி முடித்து, பின்னந்தலையைக் காட்டக் கைக்கண்ணாடியை எடுத்த ரேடியோ, போகிற போக்கில் அதைப் பேசினுக்கு நேராகப் பிடித்தார். சண்டியர் சீப்பை விட்டு இறங்கியது. நேராக, கவிழாமல், நீந்தி வந்து செவுளை விரித்து ஒரு முறை முறைத்தது பாருங்கள்! ரேடியோ கைக்கண்ணாடியோடு குதித்தார். தையல்காரர் பின்னந்தலையைப் பார்க்கவேயில்லை.

"மாமா, நீங்களே முதல் தீனி போடுங்க. ஒண்ணே ஒண்ணு" என்று ஓர் உருண்டையை மாமனாரின் கையில் வைத்தார். உருண்டை விழுந்ததும் சண்டியர் லபக்கென்று கவ்வியது.

மாமனார் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். ரேடியோவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் நீ திட்டு வாங்கினே."

ரேடியோ கைக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாமனார் திரையின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இன்னைக்கு டீ போடலையா?"

திரை படாரென்று விலகியது. அவள் டம்ளரோடு தயாராகத்தான் நின்றிருந்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்துத் தின்றார். அப்புறம் இன்னொன்று. பொட்டலம் காலியாகும் வரை தின்றார். ஒரு தூள்கூடக் கீழே சிந்தவில்லை.