பல்லில் கேட்ட மோட்டார்

1939ஆம் வருஷம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட சமயம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் எண்ணெய் மில் ஒன்றில் மோட்டார் பார்க்கும் ஞானசிகாமணி, தாடை வீங்கி, காய்ச்சலோடு நான் நர்ஸாக இருந்த வார்டில் வந்து படுத்தார். பல் டாக்டர் பார்த்தார். ஈறெல்லாம் சீழ், இருக்கிற பல் அத்தனையும் பிடுங்கியாக வேண்டும் என்றார்.

ஞானசிகாமணி மாட்டேன் என்றார். காரணம் சொல்லவில்லை.

சீழ் தாடை எலும்புக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படி இறங்கினவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். சிலருக்குக் கண்ணையும் மூடிவிட்டிருக்கிறேன். பென்சிலின் வராத காலம். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைப்பதற்கு மேல் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

"கெட்டின பொண்டாட்டிகிட்டயும் சொல்லமாட்டாரு, சிஸ்டர்" என்றாள் அவர் மனைவி தாசம்மாள். "அவருக்க அப்பன் ஆஸ்திய எல்லாம் அந்தப் பல்லுக்குள்ளதான் எழுதி வச்சிருக்காரு போல."

ஞானசிகாமணி நாகர்கோவில் பக்கத்துக்காரர். திருவனந்தபுரத்தில் மின்சாரக் கம்பம் நட வந்த ஆட்களோடு வந்தார். மில்லில் முதல் மோட்டாரைப் பார்த்ததும் கம்பத்தை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். தினமும் மில் தொடங்குமுன் மோட்டாரின் தூசி துடைப்பார். தண்டைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். மழைக்காலத்தில் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிகளில் ஈரம் ஏறும். மோட்டாரைச் சுற்றி பல்புகளை எரியவிட்டு, தார்ப்பாயால் மூடி, சளி பிடித்த குழந்தையைப்போல் காய வைப்பார். பிறகு செக்கைச் சுற்றும் பெல்ட்டை மாட்டாமல், மோட்டாரை மட்டும் சும்மா ஓடவிட்டுக் கேட்பார். அவர் சரி என்று கையைத் தூக்கினால்தான் பெல்ட் மாட்டுவார்கள். இதெல்லாம் தாசம்மாள் சொன்னது.

அன்று மத்தியானம் மழை கனத்து, வார்டே பாதி உறக்கத்தில் இருந்தது. வராந்தாச் சுவரோடு ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாய் போகும். ஞானசிகாமணி அதன்மேல், மில்லிலிருந்து கையோடு கொண்டுவந்த ஈட்டி மரக் கம்பு ஒன்றின் நுனியை ஊன்றி, மறுநுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். வீங்கின தாடைக்கு மேலே அப்படியொரு சுகமான முகம். தூக்கத்தில் சிரிக்கும் பிள்ளைகளிடம்தான் அதைப் பார்த்திருக்கிறேன்.

"என்ன, ஆஸ்பத்திரிக் கஞ்சி போதலியா? குழாயைக் கடிக்கிறீங்க?" என்றேன் பின்னாலிருந்து. அசையவில்லை. எதிரே போய் நின்றேன். கண்ணைத் திறந்தார்.

"கெணத்தடியில தண்ணி ஏத்துற மோட்டார் ஓடுது, சிஸ்டர். இஞ்ச வரைக்கும் வருது."

எனக்கு மழை மட்டும்தான் கேட்டது. ஒரு சந்தேகம் வந்தது. உதட்டசைவு தெரியாதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மழை எப்படி?" என்றேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் குட்டு வெளிப்பட்டது தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததாம். வளர வளரச் சத்தம் குறைந்துகொண்டே வந்ததாம்.

"மில்லுல எல்லாவனும் கத்தித்தானே பேசுவான்? அதனால ஒருத்தனுக்கும் தெரியாது. மொதல்ல இந்தக் கம்பக் காதுக்குழியில வச்சுக் கேட்டேன். பெறவு அதும் போச்சு. ஒரு நாளு தவறிப் பல்லுல பட்டுது."

"பட்டதும்?"

"நல்லா ஓடுற மோட்டாருன்னா ஒரு ஆறு, சிஸ்டர். மல்லாந்து மிதந்து போற மாதிரி இருக்கும். பேரிங் காஞ்சு போச்சுன்னா ஆத்துக்குள்ள மணல் நொறுங்கும். மத்த நேரமெல்லாம் ஒலகம் பஞ்சுக்குள்ள கெடக்கு. வீடு, தெரு, வீட்டுக்காரி பேசுறது, எல்லாம் சொப்பனம். கம்பக் கடிச்சாதான் எனக்கு முழிப்பு. பல்லு போனா அதும் போச்சு, வேலையும் போச்சு."

நான் போய்க் காது டாக்டர் மேஜையிலிருந்து டியூனிங் ஃபோர்க்கை எடுத்துவந்தேன். இரண்டு விரல் போல் பிரிந்த எஃகுக் கவை அது. முழங்காலில் தட்டி அவர் காதோரம் பிடித்தேன். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கு. ஆத்துக்கு அந்தக் கரையில."

"பல்லில் வைத்தால்?"

"ஆத்துக்குள்ளேயே."

"அந்தக் கரையை வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்க. சீழ் எலும்புக்குப் போனால் எந்தக் கரையும் இல்லை."

"மோட்டாருக்கு இது போதுமா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். தெரியாததைத் தெரியும் என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது. மறுநாள் காலை அவரே பல் டாக்டர் முன் வாயைத் திறந்தார். ஒரு பல்லும் மிஞ்சவில்லை.

ஈறு ஆறியதும் தாசம்மாள் என்னையும் மில்லுக்குக் கூட்டிப்போனாள். கொப்பரைத் தூள் மிதக்கும் மங்கல் வெளிச்சம். இன்னும் எதுவும் ஓடத் தொடங்கவில்லை. மில் முதலாளி சிவதாணு கடவாயில் வெற்றிலையோடு வந்தார்.

"மொதலாளி, எனக்குக் காது கேக்காது" என்றார் ஞானசிகாமணி. பல் இல்லாத வாயிலிருந்து அது தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

"பின்னால நின்னு நான் ஒம்ம என்னவெல்லாம் ஏசியிருக்கேன்! ஒரு நாளும் திரும்பினதில்ல. பொறுமசாலின்னுல்லா நெனச்சேன் வே!" சிவதாணு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "அது கெடக்கட்டும். மோட்டார் கேக்குமா?"

"இனிமேதான் பாக்கணும். கேக்கலன்னா நான் போயிருதேன்."

தாசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மோட்டாரைச் சும்மா ஓடவிட்டார்கள். அவர் கம்பின் நுனியைப் பேரிங் மூடிமேல் ஊன்றி, மறுநுனியைக் காதுக்குப் பின்னால் வைத்தார். தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோல். கம்பைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். மறுபடியும் இல்லை. மோட்டாரின் மறுபக்கம் போனார். கம்பு தோலுக்குள் பதியும்படி அழுத்தினார். மெல்ல மெல்ல முகம் தளர்ந்தது. வராந்தாவில் பார்த்த முகம், ஆனால் அதில் பாதிதான்.

"இந்தப் பக்கம் மணல்" என்றார். "தூரத்துல. நிறுத்து."

மூடியைத் திறந்தார்கள். தண்டோடு சேர்ந்து சுற்றி எண்ணெயை மேலே ஏற்ற வேண்டிய வளையம் பிசுக்கில் ஒட்டி நின்றிருந்தது. அதை விடுவித்து, துடைத்து, புது எண்ணெய் விட்டு மறுபடி ஓட்டினார்கள். அவர் மறுபடி கம்பை வைத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இப்ப ஆறு" என்றார்.

"ஆறோ கொளமோ, பெல்ட்ட மாட்டச் சொல்லும் வே. ஆட்டவேண்டிய கொப்பர கெடக்கு."

"ஒரு நிமிஷம்" என்று நான் குறுக்கே வந்தேன். "இனி யாரும் இவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. தோளைத் தொட வேண்டும். தொடாமல் சுவிட்சைப் போட்டால் அடுத்த தடவை என்னிடம் வரும்போது பல்லோடு போகாது, கையும் போகும்."

சிவதாணு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஞானசிகாமணியின் தோளைத் தொட்டார். அவர் திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கினார். பெல்ட் ஏறியது. மில் இரைய ஆரம்பித்ததும் நாங்கள் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் கத்தத் தொடங்கினோம். ஞானசிகாமணி மட்டும் கம்பைக் காதுக்குப் பின்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கரையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.