சொட்டு நீலம் போட்ட தலை

என் அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பதினோரு வருடத்தை ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில், ஊரார் சிந்தியதைத் துடைப்பதில் கழித்திருக்கிறாள். ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து அழுக்கு விரிப்புகளைப் போட்டால் அகலமான குழாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு நேரே எங்கள் கூடத்தில் வந்து விழும். ஒயின், ரத்தம், உதட்டுச்சாயம், பேனா மை, என்னவென்று கேட்கக் கூடாத வேறு சில, எல்லாம் அக்காவின் மேசைக்குத்தான் வரும். முகர்ந்து பார்ப்பாள், நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுப்பாள். பத்து நிமிடத்தில் கறை போன இடம் தெரியாது. கூடத்தில் அவளுக்குக் "கறை டாக்டர்" என்று பெயர். நான் அவளுக்கு நான்கு வயது இளையவள், அதே கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். எனக்குப் பட்டப்பெயர் கிடையாது. இஸ்திரி போடுகிறவளுக்கு மெனக்கெட்டு யார் பெயர் வைப்பார்கள்?

இத்தனை கெட்டிக்காரி தன் தலைக்குச் செய்துகொண்ட வைத்தியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருடக் கடைசியிலிருந்து அவளுக்கு இருமல். ஆவியும் மருந்து வாடையும் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காக்கவைத்து, மூன்று நிமிடம் பார்த்து, "காத்தோட்டமான இடத்துல வேலை பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு, என் இஸ்திரிப் பெட்டியே சொல்லியிருக்கும். எங்கள் கூடத்தில் ஜன்னல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் மாடிக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அறைகளுக்குப் போகும் விரிப்பு, துண்டு, உறை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து அனுப்பும் வேலை. அங்கே துணி அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. மேனேஜரின் கோட்டுகளைக் கொண்டுபோய் மாட்டுவது என் வேலை என்பதால் நான் மேலே போய் வருகிறவள். ஜன்னலைப் பற்றி அக்காவிடம் சொன்ன புண்ணியவதியும் நான்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் "சென்ட்". ஆள் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் வாசனை வந்துவிடும். அவர் இதற்கு முன் இரண்டு பெண்களை மாடிப் பொறுப்பில் போட்டிருந்தார். இரண்டு பேருக்கும் பொன்னிறத் தலை. போதாதா? அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"மேல இருக்கிறவளுக எல்லாருக்கும் அந்தத் தலைதான்டி. கவனிச்சியா?"

"அவளுகளுக்கு இருபத்திரெண்டு வயசு. அதையும் கவனிச்சேன்" என்றேன்.

"வயச மாத்த முடியாது. தலைய மாத்தலாம்ல?"

"உனக்கு மூச்சு இழுக்குதுன்னு சொல்லிப் பாரேன்."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான். நோயாளிய எவன் வச்சுப்பான்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பதினோரு வருடம் உழைத்த ஒருத்தி, ஒரு நாற்காலிக்கும் ஒரு ஜன்னலுக்கும் தலைமயிரை விலையாகக் கொடுக்கப் போகிறாளே என்று இல்லை. அப்போது நான் அவ்வளவு நல்லவளாக யோசிக்கவில்லை. இந்த வயதில் இவளுக்கு எதற்கு இந்தக் கோலம், நாலு பேர் என்னையும் சேர்த்துச் சிரிப்பார்களே என்றுதான் யோசித்தேன்.

அழகு நிலையத்தில் விசாரித்தாள். சொன்ன தொகை அவளுடைய சம்பளத்தில் முக்கால்வாசி. அங்கே இருந்த பெண் இவள் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் விலையைச் சொன்னாளாம். வீட்டிலேயே செய்துகொள்வது என்று தீர்மானமாயிற்று. தெருமுனைக் கடையில் இருப்பதிலேயே மலிவான வெளுப்புத் தூள் இரண்டு பொட்டலம். அதில் கலக்கும் திரவத்தைக் காசு கொடுத்து வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. "பெராக்சைடுதானே? பதினோரு வருஷமா அதுலதான் கை கழுவுறேன்" என்று, சலவைக்கூடத்துக் கேனிலிருந்து ஒரு பழைய ஷாம்பு புட்டியில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீர் கலக்கும் கணக்கு அவளுக்கு அத்துப்படி. அத்துப்படியான கணக்கு துணிக்கானது என்பதை அவள் காதில் யார் போடுவது? நான் போட்டேன். அந்தக் காது கேட்கவில்லை.

அவளுடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எந்த மருந்தையும் நேரே கறையில் ஊற்றக் கூடாது. துணியின் உள்மடிப்பில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை மந்திரம் மாதிரி ஓதுவாள். சட்டத்தை மதித்து, காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்து முடியைக் கத்தரித்து, கிண்ணத்தில் ஊறவைத்தாள். அரை மணியில் அது பித்தளை நிறத்துக்கு வந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிறு காலை மறு தடவை. தூரிகையைப் பிடித்துப் பூசியது நான். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் காய்கறி வாங்கி வந்த பையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய இருமிக்கொண்டிருந்தாள்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"மருந்துன்னா எரியத்தான் செய்யும்."

முன்னறையில் மாமா, அதாவது அக்காவின் புருஷன், டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். வாடை தாங்காமல் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அவ தலை, அவ இஷ்டம். மதியத்துக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினாறு வருடமாக அவர் அந்த வீட்டில் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அலசிப் பார்த்தபோது வேர்ப்பக்கம் நல்ல மஞ்சள், நுனிப்பக்கம் துருப்பிடித்த ஆரஞ்சு. பொன்னிறம் என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது. உச்சந்தலை முழுக்கச் சிவந்து, இரண்டு மூன்று இடத்தில் கொப்பளித்திருந்தது. இத்தோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம்.

இந்த மஞ்சளை எடுக்க ஊதா நிறத்தில் ஒரு ஷாம்பு விற்கிறார்கள். செல்போனில் அவள் பார்த்த வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். அக்கா உதட்டைச் சுழித்தாள்.

"அது வேற ஒண்ணுமில்லடி, நம்ம சொட்டு நீலம்தான். புட்டிய மாத்தி, விலைய ஏத்தி விக்கிறானுக. மஞ்சப் பூத்த துண்டுக்கு நாம என்ன போடுறோம்?"

"நீலம்."

"துண்டு என்ன ஆகுது?"

"வெளுக்குது."

"அவ்வளவுதான்" என்றாள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

எனக்கும் அது சரியென்றே பட்டது. இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. வருடக்கணக்காக வெள்ளைத் துணியோடு கிடந்தால் உலகத்தில் உள்ள எல்லா மஞ்சளுக்கும் நீலம்தான் மருந்து என்று தோன்றிவிடும். ஆனால் துண்டு என்பது வெள்ளை, அதில் லேசாக மஞ்சள் ஏறியிருக்கும். அக்காவின் தலையோ முழு மஞ்சள். மஞ்சளில் நீலத்தைக் கொட்டினால் என்ன வரும் என்று, பெயின்ட் பெட்டி வைத்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"உள்மடிப்புல ஒரு சொட்டு விட்டுப் பாக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீலத்துக்கா? நீலத்தப் போய் எவளாவது சோதிச்சுப் பாப்பாளா?"

வாளித் தண்ணீரில் நான்கு மூடி ஊற்றினாள். நாற்பது துண்டுக்கு ஒரு மூடிதான் கணக்கு. தலையைக் கவிழ்த்து முக்கினாள். வெந்துபோன முடி அல்லவா, பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. நிமிர்ந்தபோது வேரிலிருந்து காது வரை பாசி பிடித்த பச்சை. அதற்குக் கீழே சேற்று நிறம். இடது காது மட்டும் சுத்தமான நீலம்.

நான் சிரித்துவிட்டேன். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமா மேட்சை விட்டுவிட்டு வந்து சிரித்தார். அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், குழாயைத் திறந்துவிட்டுத் தலையை நீட்டினாள். ஏழு தடவை ஷாம்பு போட்டாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டாள். பச்சை கொஞ்சம் வெளிறியதே தவிரப் போகவில்லை. ஊரார் கறையை எல்லாம் எடுத்தவளுக்குத் தன் தலையில் பட்டதை எடுக்க வழி தெரியவில்லை.

ஒரு பொட்டலம் கறுப்புச் சாயம் வாங்கிவந்தேன். புண்ணான தோலில் போடக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இப்போவாவது எழுதியிருக்கிறதப் படிக்கிறேனே" என்று அவளே சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். கூடத்தில் போடும் துணித் தொப்பிக்குள் தலையைத் திணித்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமைதான் சென்ட்டின் கோட்டுகள் போகும் நாள் என்பதால் ஐந்து கோட்டுகளோடு நானும் கூடவே அவர் அறைக்குள் போனேன். ஒவ்வொன்றாக அலமாரியில் மாட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று சென்ட் கேட்டார். பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம்.

"பதினொண்ணு, சார்."

"தொப்பிய எடுங்க. இது என்ன ஆபரேஷன் தியேட்டரா?"

எடுத்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது ஸ்டைலா?"

"ஆமா சார்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

"நல்லது, நல்லது. ஆனா தலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. உங்களக் கீழயே வச்சுக்கணும்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். நீங்க மேல வந்துட்டா கறைய யார் எடுப்பா? உங்க இடத்துல மூணு பேரப் போடணும். இதெல்லாம் பெருமையா நெனைங்க."

பெருமையாம். ஒருத்தி கெட்டிக்காரியாக இருந்தால் அவளை இருமி இருமிச் சாகும்வரை அடித்தளத்தில் வைத்துக்கொள்வதற்குப் பெயர் பெருமை. நான் கடைசிக் கோட்டை மாட்டிவிட்டுத் திரும்பினேன். அவர் பார்வை என் மேல் இருந்தது.

"நீ இஸ்திரிதானே? எத்தனை வருஷம்?"

"ஆறு, சார்."

"இஸ்திரிக்கு நாளைக்கே ஆள் கிடைக்கும். மாடிப் பொறுப்புக்கு வர்றியா?"

அக்காவுக்கு நெஞ்சு சரியில்லை, காற்று வேண்டும், அவளுக்குக் கொடுங்கள், நான் கறை எடுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவும் மனதில் வரிசையாக ஓடியது. அவள் எனக்கு இரண்டடி தூரத்தில், பச்சைத் தலையும் கையில் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"சரி சார்" என்றேன்.

படியில் இறங்கும்போது அவள் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டத் தயாராகத்தான் வந்தேன்.

"துணி அறையில அந்த ஜன்னலத் தெறந்தே வச்சுக்கோ. இல்லன்னா விரிப்புல ஈர வாடை நிக்கும்" என்றாள்.

நான் மேலே வந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்கு வெள்ளைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். இஸ்திரிக்கு மறுநாளே ஆள் வந்துவிட்டது, சென்ட் சொன்னது சரிதான். அக்காவின் தலையில் இரண்டு விரற்கடை கறுப்பு முளைத்திருக்கிறது, அதற்குக் கீழே பச்சை இன்னும் இருக்கிறது. "கறை டாக்டர்" போய் இப்போது அவளுக்கு "கீரை" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவனைக் கண்டபடி திட்டினேன். குளியலறையில் முதலில் சிரித்தவள் நான் என்பது அவனுக்குத் தெரியாது.

காலையில் அறைகளிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரித்துப் பார்க்கிறேன். கறை பட்டவற்றைத் தனியே எண்ணி, சுருட்டி, சுவரில் இருக்கும் மூடியைத் திறந்து கீழே தள்ளுகிறேன். அவை நேரே அவள் மேசைக்குத்தான் போகின்றன. சில நாள் மூடியைத் திறக்கும்போது குழாய் வழியாக இருமல் மேலே ஏறி வருகிறது. விரிப்பைப் போட்டுவிட்டுச் சட்டென்று மூடிவிடுவேன்.