வார்த்தை வந்துவிடும்

எனக்குச் சிறு வயதிலிருந்தே வாய் திக்கும். எல்லாச் சொற்களுக்கும் இல்லை. ‘ச’வில் தொடங்கும் சொற்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். இருப்பது சிங்கப்பூர், வீடு செங்காங், அலுவலகம் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால். முகவரி சொல்வதற்குள் கேட்டவருக்கே வியர்த்துவிடும்.

எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். என் லாத்தா எதிர் பிளாக்கில் இருக்கிறாள். நான் பேச ஆரம்பித்த நாளிலிருந்து என் வாக்கியங்களைப் பாதியில் வாங்கி முடித்துவைப்பவள் அவள்தான். சாப்பாட்டுக் கடையில், கிளினிக்கில், டாக்சியில் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அத்தனையும் பாசத்தில் செய்வது. அதனால் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் லாத்தா ஒரு நகைக்கடைக்குள் போயிருந்தாள். நான் வெளியில் நின்றிருந்தேன். சுற்றுலா வழிகாட்டி ஒருவர் தன் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்தன, குதிரைப் பந்தயம் நடந்தது, சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன என்றார். வருடக்கணக்காக நூலகத்தில் தேடித்தேடிப் படித்ததால் அதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் புல்வெளியில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, கிராஞ்சி, துவாஸ் பக்கத்து விடுதிகளிலிருந்து, தேக்கா என்று நாங்கள் சொல்லும் இந்த வட்டாரத்துக்கு வந்தவர்கள். இந்தத் தெருவை அவர்களைவிட அதிகமாக யார் நடந்திருப்பார்கள்? இதே கதையை அவர்களுக்குத் தமிழில் யாராவது சொல்லக்கூடாதா என்று நினைத்தேன். நான் சொன்னால் என்ன என்ற நினைப்பும் கூடவே வந்தது.

வீட்டில் சொன்னபோது லாத்தா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை? ரோட்டுல நாலு பேர் சிரிச்சா தாங்குவியா நீ?”

தொழிலாளர்களுக்காக ஓய்வுநாள் நிகழ்ச்சிகள் நடத்தும் சிறிய தொண்டூழியர் குழு ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். முழுதும் கேட்டுவிட்டு, யோசனை அருமை என்றார். குறிப்புகளை நான் எழுதிக் கொடுக்கலாம், வேறொருவர் பேசட்டும், நான் கூடவே வந்து படம் எடுக்கலாம் என்றும் சொன்னார். லாத்தாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. என்னை அறிந்த எல்லோருக்கும் அதுதான் நியாயமாகத் தெரிந்தது.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. திக்கும்போது வெளியில் நிற்பவர்களுக்குத் தெரிவது அந்தத் தவிப்பு மட்டும்தான். உள்ளேயிருக்கும் எனக்கு, வார்த்தை எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். இத்தனை வருடத்தில் எந்த வார்த்தையும் வராமலே போனதில்லை. தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை யாருக்கும் நிரூபித்துக் காட்ட முடியாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடுவதா?

பொறுப்பாளரிடம் திரும்பப் போனேன். “ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்க. ஆளுங்க எழுந்து போயிட்டா நானே நிறுத்திக்கிறேன்” என்றேன். இதைச் சொல்லி முடிக்கவும் நேரமெடுத்தது. அவர் பொறுமையாக நின்று கேட்டார். அரைமனதாகத்தான் சம்மதித்தார்.

அதன்பின் ஞாயிறு காலைகளில், கடைகள் திறக்கும் முன்பே போய், சிராங்கூன் ரோட்டில் தனியாகப் பேசிக்கொண்டே நடந்து பழகினேன். காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டால் போதும், ஃபோனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். திக்குகிற சொற்களுக்கு மாற்றுச் சொற்கள் தேடிப் பார்த்தேன். சுண்ணாம்பை வேறு எப்படிச் சொல்வது? சுண்ணாம்பு சுண்ணாம்புதான். அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

முதல் நடைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கூடவே, அழைக்காமலே, லாத்தாவும் வந்து நின்றாள். காளியம்மன் கோயிலுக்கு எதிரில் தொடங்கினேன். இந்த வட்டாரத்துக்கு அந்தக் காலத்தில் நம் ஆட்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டு, “சு...” என்று நின்றுவிட்டேன். ஒரு பஸ் கடந்துபோனது. இன்னும் வரவில்லை.

“சுங்கச்சாவடி” என்றாள் லாத்தா, தாங்க முடியாமல்.

அவளுக்குப் பதில் தெரியாது, பாவம். இல்லை என்று தலையசைத்தேன். அப்போது முன்னால் நின்ற இளைஞர் ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், நேராகவே கேட்டார்.

“அக்கா, உங்களுக்கு வாய் திக்குமா?”

என் அலுவலகத்தில் இத்தனை வருடமாக யாரும் இதைக் கேட்டதில்லை. நான் திக்கினால் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு என்னவோ லேசாகிவிட்டது.

“ஆமா தம்பி, திக்கும்.”

“சரி, நிதானமா சொல்லுங்க. இன்னிக்கு லீவுதானே.”

சுண்ணாம்புக் கம்பம் என்ற சொல் அதன்பின் முழுதாக வந்தது. காளவாய்களில் சுண்ணாம்பு சுட்டவர்கள், மலாயில் கம்பம் என்கிற அவர்களுடைய குடியிருப்பு, எருமைகளை அடைத்திருந்த இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். நடுநடுவே நின்றேன். நான் நின்றபோது அவர்களும் நின்றார்கள். இரண்டு பேர் பாதியில் கழன்றுகொண்டார்கள். ஊரிலிருந்து அழைப்பு வந்து ஒருவர் கொஞ்ச தூரம் பின்தங்கி, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் கடைசிவரை இருந்தார்கள்.

முடியும்போது, “எங்க கிராஞ்சிக்கு ஏன் அந்தப் பேரு, அக்கா?” என்று ஒருவர் கேட்டார். அது ஒரு மரத்தின் பெயர், பழம் புளிக்கும் என்றேன். அப்படியானால் நாங்கள் புளியந்தோப்பில்தான் குடியிருக்கிறோம் என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். “சுங்கச்சாவடின்னு சொன்னது ரொம்பத் தப்பா?” என்று லாத்தா கேட்டாள். ரொம்பத் தப்பு என்றேன். சரி, இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். அந்த வாக்கை அவளால் அவ்வளவாகக் காப்பாற்ற முடியவில்லை.

பொறுப்பாளர் சில மாதங்கள் எனக்குத் துணையாக இன்னொருவரை அனுப்பிக்கொண்டிருந்தார். வந்தவருக்குச் செய்ய எதுவும் இல்லாததால் பிறகு அனுப்புவதை நிறுத்திவிட்டார். திக்கல் குறைந்துவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். குறையவில்லை. சில நாள் அதிகமாகவே இருக்கும். இப்போது மாதம் ஒரு நடை. மழை பெய்தால் கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்று பேசுகிறோம். முடிந்ததும் எல்லோருமாகத் தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்து டீ குடிப்போம். ஆளுக்கொரு ஊர்க்கதை சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.