முன்கண்ணாடியில் படிந்த வெண்புகை

காலை ஆறேகால். இடுக்கியின் நுனியில் பிடித்திருந்த லாரியின் பக்கக் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது. அரிசியளவுதான் இருக்கும். மின்விசிறியின் காற்று என்று நினைத்து அதை நிறுத்தினேன். அப்போதும் ஆடியது.

கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ லாரிகளின் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்கிறேன். உண்மை வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அறுப்பதும் ஒட்டுவதும் நான். வண்ணம் அடிப்பவன் அடுத்த தெருவிலிருக்கும் நண்பன் ராஜன். ஒட்டி முடித்ததும் வண்டியைத் தன் வீட்டு மாடிக்கு எடுத்துப்போவான்.

ஆட்டம் நிற்காததால் போய்ப் பார்த்த நரம்பியல் மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டச் சொன்னார். சிறிது நேரத்தில் விரல்கள் சோம்பின. என் வேலையைக் கேட்டுவிட்டு, "பசை வாசனை தெரியுதா?" என்றார். ஜன்னல் திறந்திருப்பதால் தெரிவதில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பார்க்கின்சன் (மூளையில் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதால் வரும் நோய்). வாசனை போவது நடுக்கத்துக்கு வெகுமுன்பே வரக்கூடிய அறிகுறியாம்.

"எப்பலேர்ந்து நடுக்கம்?"

"மூணு வாரமா."

உடன் வந்திருந்த என் மனைவி விஜயா தரையைப் பார்த்தாள்.

கை முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க, வீடு திரும்பியதும் போன வருடம் செய்த லாரியை எடுத்தேன். பூதக்கண்ணாடியில், முன்கண்ணாடியின் ஓரம் வெண்புகை படிந்து தெரிந்தது. சூப்பர் க்ளூ காயும்போது தெளிவான பிளாஸ்டிக்கில் அப்படிப் படியும். அதனாலேயே நான் அதைத் தொடுவதில்லை. இந்தக் கண்ணாடியை யாரோ கழற்றி மறுபடி ஒட்டியிருந்தார்கள். கதவுகளையும்தான்.

ராஜனை வரச் சொன்னேன்.

"எல்லாம் கோணலாக்கும் இருந்துது. நான் நேராக்கினேன்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமாச்சுடா. மொதல்ல வயசாறது, அத்ரதன்னே, அவ்ளோதான்னு நெனச்சேன். பின்னே மன்னிகிட்ட சொன்னேன்."

விஜயா சமையலறையிலிருந்து வந்தாள். "நான்தான் சொல்ல வேண்டாம்னேன். லாரியும் இல்லேன்னா நீங்கோ என்ன பண்ணுவேள்? அவரைத் திட்டாதேங்கோ."

"போன கண்காட்சியில எல்லாரும் என் ஒட்டலைப் பாராட்டினாளே, அது?"

"அது என் ஒட்டல்" என்றான் ராஜன். சிரிக்கப் பார்த்தான்.

அடுத்த முறை ராஜனும் கூட வந்தபோது, முன்பே வந்திருந்தாலும் நோய் நின்றிருக்காது, உடற்பயிற்சியை முன்னதாகத் தொடங்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். முதல் பாதி ராஜனுக்கு ஆறுதலாக இருந்தது.

எனக்கு இல்லை. சரக்கு லாரியின் பின்பகுதியை அறுத்து, ராணுவ ஆம்புலன்ஸாக மாற்ற ஒரு உதிரிபாகப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இருப்பதிலேயே கடினமான வேலை. நிதானமாகச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். தெரிந்திருந்தால் கை இன்னும் ஓரளவு நன்றாக இருந்த அந்த வருடத்தில் அதைத்தான் செய்திருப்பேன். எனக்கு நெருக்கமான இருவரும் கூடிப் பேசி, அந்த வருடத்தை நான் அறியாமல் செலவழிக்க விட்டார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவரின் கை தடுமாறக் கண்டால், முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

லெவோடோபா (மூளைக்குள் டோபமினாக மாறும் மருந்து) விழுங்கிச் சற்று நேரத்தில் கை என்னிடம் வருகிறது. பிறகு போய்விடுகிறது. அது வந்திருக்கும் நேரத்தைத்தான் இப்போது நாள் என்கிறேன். நாளுக்கு ஒரு துண்டு அறுக்கிறேன்.

ஆம்புலன்ஸை ஒட்டி முடித்தபோது ராஜன் மேசையருகே நின்றான்.

"கொண்டு போகட்டாடா?"

"பெயிண்டை இங்க கொண்டு வா."

கொண்டுவந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்க அடித்தான்.

வண்ணம் காய்ந்துவிட்டது. இடதுபக்கக் கண்ணாடி, நான் ஒட்டியபடியே, தரையைப் பார்த்து இருக்கிறது.